திருப்பிக் காட்டுகிறவள்

கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் மூன்று லென்ஸ்களை வைத்தார். எங்களால் வாங்க முடிந்தது அதில் ஒன்றுதான். எண்பத்தைந்து எம்.எம்., ஐம்பது எம்.எம்., முப்பத்தைந்து எம்.எம். நான் கையில் எடுத்தது எண்பத்தைந்தை. கனமாக, குளிர்ச்சியாக, பார்த்தாலே பெரிய இடத்துப் பொருளாக இருந்தது. என்னோடு சேர்ந்து படம் எடுக்கிற அவள் எதையும் தொடவில்லை. கடைக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அப்டியே நில்லு. ஆடாத."

எங்கள் மிரர்லெஸ் கேமராவில் எண்பத்தைந்தை மாட்டினாள். கடைக்காரரின் தலையும் தோளும் சட்டத்துக்குள் அடங்க, பின்னால் நடந்து, கதவைத் தாண்டி, நடைபாதைக்கே போய்விட்டாள். அங்கிருந்து எடுத்துக்கொண்டு, திரும்ப உள்ளே வந்து அவருக்குக் காட்டினாள். பிறகு ஐம்பதை மாட்டினாள். இந்த முறை மேசைக்கு இந்தப் பக்கமே நின்று எடுத்தாள். எடுத்த கையோடு கேமராவைத் திருப்பி, மேசைமேல் சாய்ந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாரு அண்ணே. இது நீயா?"

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "முடி கலைஞ்சிருக்கேம்மா" என்றார். உடனே அழித்துவிட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து வாரிக்கொள்ளும்வரை காத்திருந்து மறுபடி எடுத்தாள்.

"லென்ஸ் எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்கம்மா. என் மூஞ்சி எதுக்கு உங்களுக்கு?"

"லென்ஸு இன்னாத்துக்கு அண்ணே? மூஞ்சிக்குத்தான?"

ஐம்பதைத்தான் வாங்கினோம். ஆனால் அந்த முடிவு அன்றைக்குக் கடையில் எடுத்ததல்ல. அதற்கு முன்பே பல வாரங்களாக எங்களுக்குள் சண்டை நடந்துகொண்டிருந்தது.

அவளை நான் முதலில் பார்த்தது ராயபுரத்தில் ஒரு சர்ச் கல்யாணத்தில். மாப்பிள்ளை வீட்டார் படம் எடுக்கக் கூப்பிட்ட ஆளாக நான் போயிருந்தேன். பெண் வீட்டார் கூப்பிட்ட ஆள் அவள். கேமராவோடு நின்ற பெண்கள் அங்கே நாங்கள் இரண்டு பேர்தான். உயரமான பெண். அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைக் கையை மடித்துவிட்டுப் போட்டிருந்தாள். கேமராவின் வாரை எல்லோரையும்போலக் கழுத்தில் மாட்டாமல் மணிக்கட்டில் சுற்றியிருந்தாள். மணப்பெண்ணின் அம்மா மகளுக்குத் தலைமுக்காடு குத்திக்கொண்டிருந்தபோது யாரோ ஏதோ சொல்ல, அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அதை அவள் எடுத்தாள். பக்கத்தில் நின்ற நான் அவள் திரையில் பார்த்தேன். அன்றைக்கு முழுக்க நான் எடுத்த எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது.

கேமராவை மணப்பெண்ணிடம் திருப்பினாள். "இது நீயா?"

"ஐயே, பல்லு தெரியுதுக்கா."

விரல் ஒரு தட்டு. படம் போய்விட்டது. எனக்கு வாயிலிருந்து "ஐயோ!" என்று வந்தே விட்டது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அவ பல்லு. அவ சொல்றா. உனுக்கு இன்னாமே?"

அப்படித்தான் பழக்கமானோம். எனக்குத் திருவொற்றியூர். அப்பாவுக்குப் பருப்பு மொத்த வியாபாரம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கடை போட்டவர். அவளுக்கு ராயபுரம். அவள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கேமரா வைத்துக்கொண்டு வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, ஞானஸ்நானம், கல்யாணம் என்று எடுக்க ஆரம்பித்தோம். கேமராவோடு வந்த சின்ன ஜூம் லென்ஸ் வெளிச்சத்தில் ஒழுங்காக இருக்கும். சாயங்காலம் ஆனால் முகமெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும். முகம் எடுப்பதற்கென்றே ஒரு லென்ஸ் வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எது என்பதில்தான் எல்லாம்.

நான் எண்பத்தைந்து என்றேன். பின்னால் இருக்கும் கொடிக் கயிறு, தண்ணீர்க் குடம், சுவரில் ஒட்டிய கட்சி நோட்டீஸ் எல்லாவற்றையும் அது கரைத்துவிடும். கல்யாண வீட்டார் அதைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். வாங்குவதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்ப்போம் என்று, சர்ச் திருவிழாவுக்கு அதை எடுத்துக்கொண்டு போனோம்.

தேர் வரும் பாதையில் சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு அம்மா மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். இவள் இந்தப் பக்கமிருந்தே எடுத்தாள். கன்னத்தில் வழிந்த கண்ணீர்கூடத் தெரிந்தது. நான் புல்லரித்துப் போய் நிற்கும்போது பக்கத்தில் அவள் இல்லை. பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் புகுந்து சாலையைக் கடந்துகொண்டிருந்தாள், அந்த அம்மாவிடம் காட்டுவதற்கு. அந்த அம்மா பயந்துபோனார். "எப்ப எடுத்த? யாரக் கேட்டு எடுத்த?" என்று சத்தம் போட்டார். அழித்துவிட்டுத் திரும்பி வந்தாள். அன்று முழுக்க இதே கூத்து. ஒவ்வொரு படத்துக்கும் சாலையைக் கடப்பாள், வருவாள். மத்தியானம் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்த வாங்கினா ஓடி ஓடியே செத்துடுவேன் மே. அவுங்களுக்குத் தெரியாமயே எடுக்குது இது. திருட்டு லென்ஸு."

அன்று அழியாமல் மிஞ்சிய படங்கள் கொஞ்சம்தான். ஆனால் மிஞ்சியவை அபாரமாக இருந்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும். எண்பத்தைந்தைக் கேட்டதில் என் பக்கமும் நியாயம் இருந்தது.

முப்பத்தைந்தைப் பற்றிய முடிவை எடுத்தது அவள் அத்தை. கைவசம் இருந்த ஜூம் லென்ஸை முப்பத்தைந்தில் ஒரு நாள், ஐம்பதில் ஒரு நாள் என்று நிறுத்தி வைத்து, அவள் வீட்டுக்குள்ளேயே எடுத்துப் பார்த்தோம். ஒரே அறை. கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், மாதா படம். முப்பத்தைந்தில் முகம் சட்டத்தை நிறைக்க வேண்டுமானால் கிட்டப் போக வேண்டும். கிட்டப் போனால் மூக்கு பெரிதாகத் தெரியும். அத்தையிடம் திருப்பிக் காட்டினாள்.

"அடிப்பாவி, என் மூக்க இன்னாடி பண்ண?"

அதோடு முப்பத்தைந்து தீர்ந்தது. ஐம்பதில் நின்று பார்த்தாள். முதுகு பீரோவில் இடித்தது. ஆனால் அத்தையின் முகம் அத்தையின் முகமாகவே வந்தது. எங்கள் கேமராவில் படத்தைப் பிடிக்கும் சென்சார் சின்னது. அதில் ஐம்பதே போதுமான அளவு கிட்டக் காட்டும். விலையும் மூன்றில் குறைவு. இதெல்லாம் என் கணக்கு. அவள் கணக்கு வேறு. எடுத்த இடத்திலிருந்து ஒரு எட்டு வைத்துக் கையை நீட்டினால் எதிரில் இருப்பவர் திரையைப் பார்த்துவிடலாம். அவளுக்கு அந்தத் தூரம்தான் வேண்டும்.

புது லென்ஸை என் அப்பா கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தார். "மூட்ட பருப்ப விட வெல கூட இருக்கே. படம் எடுக்கதுக்கு இத்தன கண்ணாடியா?" என்றார். அவள், "நைனா, உன்ன எடுக்கட்டா?" என்றாள். அப்பா வெட்கப்பட்டுக் கல்லாவுக்குப் பின்னால் போய்விட்டார்.

ஏன் இப்படித் திருப்பிக் காட்டுகிறாய் என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவை, பள்ளிக்கூடத்தில் எடுத்த குரூப் போட்டோவில் தான் கண்ணை மூடியிருந்ததாகவும் ஆசிரியர் அதையே மாட்டிவிட்டதாகவும் சொன்னாள். இன்னொரு தடவை, அவள் அம்மா இறந்தபோது வாக்காளர் அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டதாகவும், துக்கத்துக்கு வந்தவர்கள் அது யார் என்று கேட்டதாகவும் சொன்னாள். மூன்றாம் தடவை, "சும்மாதான். போ மே, வேலயப் பாரு" என்றாள். எது காரணம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவளிடம் எனக்கு எரிச்சல் வந்த நாட்கள் உண்டு. ஒரு காலையில் முகத்துவாரக்குப்பத்துக்குப் போயிருந்தோம். கழிமுகத்துச் சேற்றில் இறங்கி இறால் தடவிக்கொண்டிருந்த ஒரு பெண், முழங்கைவரை சாம்பல் நிறச் சேற்றோடு நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். இடுப்பில் கூடை. பின்னால் புகைபோக்கிகள். ஐம்பது தன் வேலையைக் காட்டிவிட்டது. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்போது புகைப்படக் கண்காட்சிக்குப் படம் கேட்டுக்கொண்டிருந்தார். இதைக் கொடுத்தால் எங்கள் பெயர் வெளியே தெரியும் என்று மனதுக்குள் கோட்டை கட்டிவிட்டேன். அவள் சேற்றுக்குள் செருப்போடு இறங்கிப் போய்த் திருப்பிக் காட்டினாள்.

"கலீஜா கீறேன். கை கயுவிகினு வரேன், அப்பால எடு" என்றாள் அந்தப் பெண்.

அழித்தாள். அந்தப் பெண் வீட்டுக்குப் போய் முகம் கழுவி, பவுடர் போட்டு, வேறு புடவை கட்டி வந்து, கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றாள். அதை எடுத்தாள். அந்தப் படம் இன்றைக்கும் அந்தக் குப்பத்துப் பெண்ணின் வீட்டுச் சுவரில் இருக்கிறது. கண்காட்சிக்காரர் அதன் இன்னொரு பிரதியைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நீ போட்டோ எடுக்கிறவளா, அழிக்கிறவளா?" என்று கேட்டேன். அவள் செருப்பில் ஒட்டிய சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் கூடப் பெரிதில்லை. ரேவதி வீட்டில் நடந்ததுதான் எங்களைப் பிரித்துவிடும் என்று நினைத்தேன்.

ரேவதி கல்யாணப் பெண். திருவொற்றியூரில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் வீடு. கல்யாணத்துக்கு முழுப் பொறுப்பையும் எங்களுக்கே கொடுத்திருந்தாள். அதில் முதல் வேலை, மண்டபத்து வாசலில் வைக்கப்போகும் பேனருக்கு அவள் அப்பாவைப் படம் எடுப்பது. அவர் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலையில் இருந்தவர். சில வருஷங்களுக்கு முன் நீராவிக் குழாய் வெடித்ததில் முகத்தின் இடது பாதி வெந்துபோயிருந்தது. அந்தப் பக்கத் தோளில் ஒரு துண்டு. யார் வந்தாலும் அதைக் கன்னம்வரை இழுத்துவிட்டுக்கொள்வார். சொந்தக்காரர்கள் பழைய படத்தையே போட்டுவிடலாம் என்றார்கள். ரேவதி ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்க அப்பா இப்ப எப்படி இருக்காரோ அப்படியே வேணும்க்கா. யாருக்காக மறைக்கணும்?"

காலை வெளிச்சம் ஜன்னல் வழியாக நன்றாக வந்துகொண்டிருந்தது. வலது கன்னத்தை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்தால் இடது பாதி நிழலில் போய்விடும். லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்தால் மிச்சமும் மங்கிவிடும். அதை நான் சொன்னேன். அவளும் அப்படி ஒன்று எடுத்தாள். பிறகு, "நைனா, துண்டு எடுத்துட்டு என்ன நேராப் பாரு" என்றாள்.

அவர் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற ரேவதி விசும்ப ஆரம்பித்தாள். அவள் எடுத்தாள்.

அந்தப் படத்தை நான் பார்த்தேன். பாதி முகம் உருகி இறுகியிருந்தது. இரண்டு கண்ணும் கூர்மையாக இருந்தன. பார்ப்பவரைத் தப்பிக்க விடாத முகம்.

கேமராவைத் திருப்பி நீட்டினாள். "நைனா, இதுல எது நீ?"

பாதி முகம் தெரிந்த படத்தைப் பார்த்து, "இது யாரோ ஒளிஞ்சுகினு கீறா மாதிரி கீது" என்றார். முழு முகத்தை வெகுநேரம் பார்த்தார். "இது நானில்லம்மா. ரெண்டும் வேணாம்."

அவள் விரல் பொத்தானுக்குப் போனது. ரேவதி ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அழிக்காத! எனக்கு வேணும். நான்தானே துட்டு குடுக்கிறேன்?"

"துட்டு நீ குடுக்குற. மூஞ்சி அவுருது."

இரண்டையும் அழித்துவிட்டாள். ரேவதி எங்களை வெளியே போகச் சொன்னாள். கல்யாண வேலையும் போனது. பஸ் நிறுத்தம்வரை நான் திட்டிக்கொண்டே வந்தேன். "நீ இதுவரைக்கும் எடுத்ததுலயே அதுதான் நல்ல படம், தெரியுமா?"

"தெரியும்" என்றாள். பஸ் வரும்வரை மணிக்கட்டில் சுற்றியிருந்த வாரை அவிழ்ப்பதும் சுற்றுவதுமாக இருந்தாள்.

அதற்கடுத்த வாரம் நான் அவள் வீட்டில் இருக்கும்போது வாசலில் ரேவதியின் அப்பா நின்றார். தனியாக வந்திருந்தார். புதுச் சட்டை. அதே துண்டு.

"எனக்கு ஒரு போட்டோ எடு" என்றார். "பொண்ணு இல்லாத எடு. அது பின்னால நின்னு அயுவுது. அது அயுவுறத நான் பாக்குறேன். அந்த போட்டோல கீறது அதான். என் மூஞ்சி இல்ல."

அவள் அத்தையைக் கடைக்கு அனுப்பினாள். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் கொஞ்சம் வெளிய நில்லு" என்றாள். சந்தில் நின்றேன். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு அவள் எதையோ கேட்பதும் அவர் மீன் விலையைப் பற்றிச் சொல்வதும் கேட்டது. பிறகு அவர் சிரித்தார். நல்ல பெரிய சிரிப்பு. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

கதவு திறந்தபோது கேமராவில் மெமரி கார்டு இல்லை. கழற்றி அவர் சட்டைப் பையில் போட்டு அனுப்பிவிட்டாள். "அவுரு மூஞ்சி. அவுரே கொண்டுகினு போறாரு." என்ன எடுத்தாள் என்று நான் கேட்டபோது, கடைக்குப் போன அத்தையைக் கூப்பிடப் போய்விட்டாள்.

கல்யாணத்தன்று வேறு வேலையாக நாங்கள் பஸ்ஸில் அந்த மண்டபத்தைத் தாண்டிப் போனோம். வாசலில் பேனர். அதில் ரேவதியின் அப்பா பழைய முகத்தோடு, அடர்ந்த மீசையோடு இருந்தார். அவள் தோளைத் தட்டி, "பாத்தியா?" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் நன்றாகக் குனிந்து பார்த்தாள்.

"மீச சோக்கா கீது" என்றாள்.

சில வாரங்கள் கழித்து ரேவதி எனக்கு போன் செய்தாள். பெரம்பூரில் மாமியார் வீட்டிலிருந்து. குரல் தயங்கித் தயங்கி வந்தது. "கெளம்பும்போது அப்பா என் கையில அந்தக் கார்ட வெச்சாருக்கா. தெருவுக்கு அந்தப் படம் போதும், உனக்கு இதுன்னாரு. இவர் போன்ல போட்டுக் காட்டினாரு. அப்பா சிரிக்கிறாருக்கா. துண்டே இல்ல." பிறகு, "இத எங்க ஃப்ரேம் போடலாம்?" என்று கேட்டாள்.

நான் ஓடிப் போய்ச் சொன்னபோது அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கை தட்டிலேயே நின்றது. "பெரம்பூர்ல யாரு நல்லா ஃப்ரேம் போடுறாங்கன்னு விசாரிச்சு சொல்லு" என்றாள். பிறகு மீன் முள்ளை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை தலையைத் தூக்கவே இல்லை.

நாங்கள் சண்டை போட்டுப் பிரியவில்லை. அவள் அப்பா படுத்துவிட்டார். மாதம் தவறாமல் சம்பளம் வரும் வேலை அவளுக்குத் தேவைப்பட்டது. துறைமுகத்துக்குள் போகிறவர்களுக்கு கேட் பாஸுக்குப் படம் எடுக்கும் அறையில் ஒப்பந்த வேலை கிடைத்தது. நான் திருவொற்றியூரில் ஸ்டூடியோ வைத்தேன். குழந்தைகளைப் பூக்கூடையில் படுக்க வைத்து எடுக்கிறேன். நன்றாகப் போகிறது. எண்பத்தைந்தும் வாங்கிவிட்டேன். நான் யாருக்கும் திருப்பிக் காட்டுவதில்லை. காட்டினால் வேலை ஓடாது.

போன வருஷம் துறைமுகத்துக்குள் ஒரு விழாவைப் படம் எடுக்கும் வேலை வந்தது. உள்ளே போக ஒரு நாள் பாஸ் வேண்டும். போனால் வரிசை வாசலுக்கு வெளியே வந்து வெயிலில் நின்றது. லாரி டிரைவர்கள், கிளீனர்கள், வெல்டிங் ஆட்கள். எனக்கு முன்னால் நின்ற டிரைவர் அலுத்துக்கொண்டார்.

"இந்தக் கவுண்டர்ல மட்டும் எப்பவும் பேஜாரு. அந்தம்மா சீக்கிரம் உடாது. கம்ப்யூட்டரத் திருப்பி, நல்லா கீதா, நல்லா கீதான்னு கேட்டுகினே இருக்கும். பாஸுக்கு இன்னா அயகு வேண்டிக் கெடக்கு?"

"அப்ப பக்கத்துக் கவுண்டருக்குப் போகலாமே அண்ணே? அங்க கூட்டம் இல்லையே?"

அவர் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். "இல்லம்மா, வந்தது வந்துட்டோம்" என்றார்.

என் முறை வந்தது. அவள் கொஞ்சம் பருத்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். மேசையில் ஒரு கம்பியின் நுனியில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கேமரா. என்னைப் பார்த்ததும் கண் விரிந்தது. ஆனால் அதிகாரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால், "அட்டையக் குடுங்க. அந்தக் கோட்டுல நில்லுங்க" என்று மட்டும் சொன்னாள். ஏதோ தட்டினாள். திரையை என் பக்கம் திருப்பினாள்.

வெயிலில் நின்ற முகம். கண்ணுக்குக் கீழே கருமை. இத்தனை வருஷமாக மற்றவர்களை எடுத்துக்கொண்டிருந்த என்னை இப்படி யாரும் எடுத்துக் காட்டியதில்லை. பின்னால் எல்லோரும் முணுமுணுத்தார்கள்.

"இதுவே போதும். பாஸுக்குத்தானே?" என்றேன்.

அவள் திரையைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். பிறகு அழித்தாள்.

"உனுக்குப் போதும்" என்றாள் தாழ்ந்த குரலில். "எனுக்குப் போதாது மே. நிமிந்து என்னப் பாரு."